வட்டி ஏறினாலும் இறங்கினாலும் பிஎஃப் டிரஸ்ட் பணத்தைப் பத்திரங்களில் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் இருக்கும் தமிழ்க் கணக்காளர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் தங்கள் கம்பெனியின் பிஎஃப் டிரஸ்டில் டிரஸ்டியாக நியமிக்கப்படுகிறார்கள். கணக்கு தெரிந்தவர் என்பதால் முதலீட்டுப் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். முதல் கூட்டத்திலேயே அவர் கேட்பது, “அடுத்த பாலிசியில் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்குமா சார்?”

அந்தக் கேள்விக்கு இந்த வழிகாட்டியில் எட்டாவது இடம். முதல் ஏழு படிகளை முடித்தவருக்கு, வட்டி ஏறினால் தன் டிரஸ்டுக்கு அடியா, இறங்கினால் அடியா என்பது தன் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும். அது தெரியாமல், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயன் இல்லை.

விலக்கு பெற்ற பிஎஃப் டிரஸ்டுகளை, அதாவது மத்திய அரசின் இபிஎஃப்ஓ அமைப்பிடம் கட்டாமல் ஊழியர்களின் பிஎஃப் பணத்தைக் கம்பெனியே நிர்வகிக்க அனுமதி பெற்றவற்றை, மனதில் வைத்து எழுதுகிறேன். கிராஜுவிட்டி நிதி, சூப்பர்ஆனுவேஷன் நிதி, அறக்கட்டளை ஆகியவற்றை நடத்துபவர்களும் இதே வரிசையில் போகலாம். விதிமுறைகள்தான் வேறு.

1. வாங்குவதற்கு முன் தயாராக வேண்டியவை

முதலில் டிரஸ்டை உருவாக்கிய ஆவணத்தையும் (டிரஸ்ட் டீட்), உங்களுக்குப் பொருந்தும் முதலீட்டு முறை அறிவிக்கையையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பத்திரங்கள், நிறுவனக் கடன் பத்திரங்கள், குறுகிய கால முதலீடுகள், பங்கு சார்ந்தவை, இதர வகை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்திருப்பார்கள். நடப்பில் இருக்கும் திருத்தத்தையே பாருங்கள். முன்பு இருந்த டிரஸ்டி எக்செலில் எழுதி வைத்த சதவீதங்களை நம்பாதீர்கள்.

அடுத்து கில்ட் கணக்கு, அதாவது அரசுப் பத்திரங்களை வைக்கும் கணக்கு. சிறிய டிரஸ்ட் ரிசர்வ் வங்கியில் நேரடியாகக் கணக்கு வைக்க முடியாது. ஒரு வங்கியோ பிரைமரி டீலரோ (அரசுப் பத்திர ஏலங்களில் பங்கேற்க ரிசர்வ் வங்கி அங்கீகரித்த நிறுவனம்) வாடிக்கையாளர்களுக்காக அங்கே வைத்திருக்கும் சிஎஸ்ஜிஎல் கணக்கின் கீழ்தான் உங்கள் அரசுப் பத்திரங்கள் இருக்கும். நிறுவனப் பத்திரங்களுக்கு டீமேட் கணக்கு தனி.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் எல்இஐ எண். நிதிச் சந்தையில் ஒரு நிறுவனத்தை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 20 இலக்கக் குறியீடு அது. தனிநபர் அல்லாத யாரும் அது இல்லாமல் அரசுப் பத்திரச் சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஏல நாளன்று காலையில்தான் அது காலாவதியானது தெரியவருகிறது, அந்த வாரத்து வாய்ப்பு போய்விடுகிறது. புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள்.

யார் வாங்கச் சொல்லலாம், யார் பணத்தை விடுவிக்கலாம் என்று இரண்டு பொறுப்புகளையும் பிரித்துத் தீர்மானம் போடுங்கள். இரண்டையும் ஒருவரே செய்யும் டிரஸ்டில் தவறு நடந்தால் தணிக்கை வரை யாருக்கும் தெரியாது.

2. பணம் எப்போது வெளியே போகும் என்று எழுதுங்கள்

எச்ஆர் பிரிவிடம் உறுப்பினர்களின் வயதுப் பட்டியலை வாங்குங்கள். அடுத்த 10 ஆண்டுகளில் ஒவ்வொரு நிதியாண்டிலும் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள், அவர்கள் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டுவாரியாகப் போடுங்கள். பிறகு கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் ராஜினாமா, கணக்கு மாற்றம், வீடு கட்ட, கல்யாணச் செலவுக்கு என எடுத்த தொகைகளின் சராசரியைச் சேருங்கள்.

இன்னொரு பத்தியில் உள்ளே வரும் பணம்: மாதச் சந்தா, கூப்பன் (பத்திரம் தரும் நிர்ணயித்த வட்டி), முதிர்வுத் தொகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஆண்டில் பற்றாக்குறை, எந்த ஆண்டில் உபரி என்று தெரியும்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. சந்தை வட்டி ஏறினால் கையில் இருக்கும் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருந்தால் இடையில் விலை இறங்குவது உங்களைத் தொடாது. பணம் தேவைப்பட்டு இடையில் விற்க நேர்ந்தால்தான் தொடும். ஆகவே வட்டி ஏறுவதால் வரும் ஆபத்து எவ்வளவு என்பதை இந்த வரவு செலவுக் காலண்டர்தான் சொல்லும்.

ஒரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கம்பெனியின் ஒரு பிரிவு விற்கப்பட்டாலோ, விலக்கை ஒப்படைக்க நிர்வாகம் முடிவெடுத்தாலோ பெரிய தொகை ஒரே நேரத்தில் வெளியேறும். அப்படி ஏதாவது பேச்சு இருக்கிறதா என்று நிதி இயக்குநரிடம் நேராகவே கேளுங்கள்.

3. நீங்கள் கொடுத்தாக வேண்டிய வட்டி

விலக்கு பெற்ற டிரஸ்ட், இபிஎஃப்ஓ அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் உறுப்பினர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். குறைந்தால் முதலாளி தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

அந்த அறிவிப்புகளைப் பாருங்கள்: 2019-20இலும் 2020-21இலும் 8.50%, 2021-22இல் 8.10%, 2022-23இல் 8.15%, 2023-24இலும் 2024-25இலும் 8.25%. இதே காலத்தில் ரெப்போ 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு இறங்கி, 2022 மே முதல் ஏறி, 2023 பிப்ரவரியில் 6.50% ஆகி, 2025இல் மறுபடி இறங்கியது. சந்தை வட்டி இவ்வளவு ஆடியும், நீங்கள் கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. புது டிரஸ்டிகள் எல்லோரும் வட்டி ஏறுவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் மாதாமாதம் சந்தா வந்துகொண்டிருக்கும் டிரஸ்டுக்கு வட்டி இறங்குவதுதான் பெரிய அடி. ஒரு கணக்கு பார்ப்போம். 100 கோடி ரூபாய் நிதி. அடுத்த மூன்று ஆண்டுகளில் 8.4% கூப்பன் உள்ள பழைய பத்திரங்கள் 30 கோடிக்கு முதிர்கின்றன. அந்தப் பணத்தை 6.7 சதவீதத்தில் மறுபடி போட்டால், ஆண்டு வருமானம் 51 லட்சம் ரூபாய் குறையும். இது கடன் திரும்பாததால் வந்த நஷ்டம் இல்லை, விலை இறங்கியதாலும் இல்லை. ஆனாலும் கம்பெனி அந்தப் பள்ளத்தை நிரப்பியாக வேண்டும்.

உங்கள் டிரஸ்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, மூன்று ஆண்டுகளுக்கான பற்றாக்குறை மதிப்பீட்டை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். முன்பே சொன்னால் அது பட்ஜெட்டில் ஒரு வரியாகப் போய்விடும். சொல்லாமல் விட்டால் மார்ச் மாதம் அதிக வட்டி தரும் பத்திரத்தை எப்படியாவது பிடி என்ற அழுத்தம் வரும். மோசமான முதலீடுகள் அந்த மாதத்தில்தான் நடக்கின்றன.

4. வட்டி அபாயத்தை ரூபாயில் அளந்து பாருங்கள்

கையில் இருக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் மாடிஃபைடு டியூரேஷனை (வட்டி ஒரு சதவீதம் மாறினால் விலை சுமார் எத்தனை சதவீதம் மாறும் என்ற அளவை) எடுங்கள். எக்செலில் எம்டியூரேஷன் ஃபார்முலா போதும். சம விலையில் (முகமதிப்பான 100 ரூபாயில்) இருக்கும் 7% கூப்பன் பத்திரத்துக்கு அது 3 ஆண்டில் சுமார் 2.7, 5 ஆண்டில் 4.2, 10 ஆண்டில் 7.1, 30 ஆண்டில் 12.5. காலம் மூன்று மடங்கானாலும் டியூரேஷன் மூன்று மடங்காகாது என்பதைக் கவனியுங்கள்.

10 ஆண்டுப் பத்திரத்தின் யீல்டு (இன்றைய விலையில் வாங்கி முதிர்வு வரை வைத்தால் கிடைக்கும் வருமான விகிதம்) 7லிருந்து 8 சதவீதத்துக்குப் போனால் 100 ரூபாய் விலை சுமார் 93.20 ஆகும். 6 சதவீதத்துக்கு இறங்கினால் 107.44. ஏற்றமும் இறக்கமும் சரிசமமாக இல்லை. கான்வெக்சிட்டி என்று சொல்லும் அந்த வித்தியாசம் நீண்ட காலப் பத்திரங்களில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

கூட்டத்தில் டியூரேஷன் 6 என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. அதை ரூபாயாக்குங்கள். 100 கோடி நிதி, டியூரேஷன் 6 என்றால், ஒரு பேசிஸ் பாயிண்ட்டுக்கு (ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு) 6 லட்சம் ரூபாய். கால் சதவீதம் ஏறினால் சந்தை மதிப்பில் சுமார் 1.5 கோடி குறையும். இப்படிச் சொன்னால் கேள்விகள் உடனே வரும்.

5. ஏணியாக அடுக்குங்கள்

இரண்டாம் படியில் எழுதிய காலண்டரை எடுத்து, பற்றாக்குறை வரும் ஆண்டுகளில் முதிரும்படி முதலில் பத்திரங்களை வையுங்கள். அந்த இடங்கள் நிரம்பிய பிறகு, மிச்சத்தை நீண்ட காலத்துக்குப் பிரித்துப் போடுங்கள். வரிசை முக்கியம். முதலிலேயே 30 ஆண்டுப் பத்திரத்தில் போட்டுவிட்டு, பிறகு ஓய்வுத் தொகை கொடுக்க அதை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லா முதிர்வும் ஒரே ஆண்டில் குவியக் கூடாது. ஒரே ஆண்டில் நிதியின் கால் பங்கு முதிர்ந்தால், அந்த ஆண்டின் வட்டி எதுவோ அதற்குள் உங்கள் நிதி பூட்டப்பட்டுவிடும். 2020, 2021இல் பெரிய முதிர்வு வந்த டிரஸ்டுகளை நினைத்துப் பாருங்கள்.

ஓய்வுக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கும் இளம் உறுப்பினர்கள் அதிகமென்றால் 15 ஆண்டுக்கு மேற்பட்ட ஏணிப் படிகள் நியாயம்தான். வட்டி இறங்கும்போது மறுமுதலீட்டு அடியிலிருந்து காப்பாற்றுவது அவைதான். உறுப்பினர்கள் பெரும்பாலும் 50 தாண்டியவர்கள் என்றால், பக்கத்து டிரஸ்ட் 40 ஆண்டுப் பத்திரம் வாங்கியது என்பதற்காக நீங்களும் வாங்காதீர்கள்.

6. எதை வாங்குவது, எதைத் தொடக் கூடாது

மத்திய அரசின் பத்திரமான ஜி-செக், மாநில அரசுகளின் பத்திரமான எஸ்டிஎல், நபார்டு, ஆர்இசி, பிஎஃப்சி போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் பத்திரங்கள் இவைதான் பெரும்பாலான டிரஸ்டுகளின் அடித்தளம். எஸ்டிஎல்லுக்கு ஜி-செக்கை விடச் சற்று கூடுதல் யீல்டு கிடைக்கும். தமிழ்நாட்டு எஸ்டிஎல் அடிக்கடி ஏலத்துக்கு வரும். சொந்த மாநிலம் என்பதற்காக அதையே குவிக்க வேண்டாம். விற்பனை மெதுவாக நடக்கும் என்பதால், முதிர்வு வரை வைக்கும் பணத்துக்கு எஸ்டிஎல், இடையில் தேவைப்படலாம் என்ற பணத்துக்கு அதிகம் புழங்கும் ஜி-செக்.

யீல்டை ஒப்பிடும்போது நடக்கும் தவறு இது. ஜி-செக் யீல்டு அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேரும் கணக்கில் சொல்லப்படுகிறது. நிறுவனப் பத்திரங்களில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை. 7% ஜி-செக்கின் ஆண்டு யீல்டு 7.12%. அதனால் 7.20% என்று வரும் நிறுவனப் பத்திரம் 20 பேசிஸ் பாயிண்ட் கூடுதலாகத் தருவதாகத் தோன்றினாலும், உண்மையில் தருவது 8தான். 8 பேசிஸ் பாயிண்ட்டுக்காக அந்தக் கடன் அபாயத்தை எடுக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பொறி, கூப்பனைப் பார்த்து வாங்குவது. 8.25 சதவீதம் கொடுக்க வேண்டும், ஆகவே 8.25% கூப்பன் உள்ள பழைய பத்திரத்தைத் தேடுவோம் என்று கிளம்புகிறார்கள். சந்தை யீல்டு 7% இருக்கும்போது அப்படிப்பட்ட 10 ஆண்டுப் பத்திரம் சுமார் 108.88 ரூபாய்க்குக் கிடைக்கும். முதிர்வில் வருவது 100தான். கூடுதலாகக் கொடுத்த 8.88 ரூபாயை ஆண்டுதோறும் கூப்பனிலிருந்து கழித்து எழுதாவிட்டால், இன்றைய உறுப்பினர்களுக்கு வட்டியாகக் கொடுத்துத் தீர்த்தது நாளைய உறுப்பினர்களின் முதல் பணம். கழித்து எழுதினால் கையில் நிற்பது அதே 7% சுமார்தான்.

கடன் தரத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுக்காத கருத்து ஒன்று உண்டு. சந்தை வட்டிக்கும் 8.25க்கும் இடையில் உள்ள பள்ளத்தைத் தரம் குறைந்த பத்திரங்களை வைத்து நிரப்பக் கூடாது. ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் 2018இல் கடனைத் திருப்பித் தர முடியாமல் திணறுவதற்குச் சில வாரங்கள் முன்புவரை உயர்ந்த மதிப்பீடு பெற்றிருந்தது. அதில் பணம் போட்ட பிஎஃப் டிரஸ்டுகள் பல. 2019இல் வீட்டுக் கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல்லும் அதே போலத் திணறியது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்கின் 8,415 கோடி ரூபாய் ஏடி-1 பத்திரங்கள் (வங்கியின் மூலதனத்தில் சேரும் கடன் பத்திரங்கள்) முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. அந்த வகைப் பத்திரத்தில் வங்கி உயிரோடு இருக்கும்போதே முதல் பணம் போகலாம் என்பது ஆவணத்தில் எழுதியிருந்ததுதான். தகவல் குறிப்பைப் படிக்காமல் யாரோ அனுப்பிய ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்து வாங்கக் கூடாது. கால் ஆப்ஷன் தேதி (நிறுவனம் பணத்தை முன்கூட்டியே திருப்பிக் கொடுக்கக்கூடிய நாள்), பாதுகாப்பு உள்ளதா இல்லையா, யாருக்கு முன்னுரிமை, இந்த மூன்றையும் நீங்களே தேடிப் படியுங்கள். ஒரு நிறுவனத்துக்கும் அதன் குழுமத்துக்கும் தனித்தனி உச்சவரம்பும் வையுங்கள்.

7. வாங்கும் நாள்

மத்திய அரசுப் பத்திர ஏலம் வழக்கமாக வெள்ளிக்கிழமை, ஓராண்டுக்குள் முதிரும் டி-பில் புதன்கிழமை, மாநிலப் பத்திரங்கள் செவ்வாய்க்கிழமை. சிறிய டிரஸ்டுக்கு நல்ல வழி, விலை சொல்லாமல் தொகையை மட்டும் கேட்கும் போட்டியில்லா ஏலக் கோரிக்கை. மத்திய அரசின் நீண்ட காலப் பத்திர ஏலத்தில் அறிவித்த தொகையில் 5% இதற்கென ஒதுக்கப்படுகிறது. ஒரு பத்திரத்துக்கு ஓர் ஏலத்தில் 2 கோடி வரை கேட்கலாம். வெற்றி பெற்றவர்களின் சராசரி விலையில் கிடைக்கும். பெரிய வங்கிகளுக்குக் கிடைக்கும் விலைக்குப் பக்கத்தில் உங்களுக்கும் கிடைப்பது இங்குதான்.

ஏற்கெனவே வெளியான பத்திரங்கள் கைமாறும் இரண்டாம் நிலைச் சந்தையில், ரிசர்வ் வங்கியின் மின்னணு வர்த்தகத் தளமான என்டிஎஸ்-ஓஎம்மில் வழக்கமான லாட் (ஒரு வர்த்தகத்தின் அளவு) 5 கோடி. அதற்குக் கீழே இருப்பது ஆட் லாட். விலை சற்று பாதகமாக இருக்கும். ஆகவே விலையைச் சரிபார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். அன்றைய வர்த்தக விலைகளை, அரசுப் பத்திர வர்த்தகங்களுக்குத் தீர்வு செய்யும், தாதரில் அலுவலகம் வைத்திருக்கும் சிசிஐஎல்லின் இணையதளத்தில் பார்க்கலாம். எஃப்பிஐஎல் என்ற அமைப்பு நாள்தோறும் அரசுப் பத்திரங்களின் மதிப்பீட்டு விலை வெளியிடுகிறது. 10 ஆண்டுப் பத்திரத்தில் 5 பேசிஸ் பாயிண்ட் பாதகமாக வாங்கினால், 2 கோடிக்கு சுமார் 71,000 ரூபாய் போச்சு. குறைந்தது மூன்று இடங்களிலிருந்து எழுத்தில் விலை கேளுங்கள், ஒரே நேரத்தில் கேளுங்கள். காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் கேட்ட விலைகளை ஒப்பிட முடியாது.

பணம் எந்தக் காரணத்துக்காகவும் தரகர் கணக்குக்குப் போகக் கூடாது. பத்திரம் ஒரு பக்கம் வரும்போது பணம் மறு பக்கம் போகும் முறையில்தான் தீர்வு நடக்க வேண்டும். 2002இல் ஹோம் டிரேட் என்ற தரகு நிறுவனத்தின் விவகாரத்தில் கூட்டுறவு வங்கிகளும் ஒரு பிஎஃப் நிதியும் பணத்தைக் கொடுத்துவிட்டு, இல்லாத அரசுப் பத்திரங்களுக்குக் கான்ட்ராக்ட் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டிருந்தன. அரசுப் பத்திரம் வழக்கமாக மறு வேலை நாளில் உங்கள் கில்ட் கணக்கில் வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றே கேளுங்கள். கணக்கு அறிக்கையை, பத்திரங்களை உங்களுக்காக வைத்திருக்கும் கஸ்டோடியனிடமிருந்தே நேரடியாக வாங்குங்கள்.

கடைசி கூப்பன் தேதியிலிருந்து சேர்ந்த வட்டியை விற்பவருக்குக் கொடுத்துத்தான் வாங்குவீர்கள். அதைப் பத்திரத்தின் அடக்கவிலையில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். சேர்த்துவிட்டால் வருமானமும் தப்பு, அடக்கவிலையும் தப்பு.

8. ரெப்போ மாறும்போது என்ன செய்வது

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். ரெப்போ குறைந்தால் நீண்ட காலப் பத்திர யீல்டும் குறையும் என்று எடுத்துக்கொள்வது தவறு. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.50லிருந்து 5.50க்குக் கொண்டுவந்தது. ஜூனில் ஒரே அடியாக அரை சதவீதம் குறைத்தபோது நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியது. இனி குறைக்க அதிக இடமில்லை என்று சந்தை புரிந்துகொண்டது. அதற்குப் பின் நீண்ட கால யீல்டுகள் ஏறின. அரசின் கடன் அளவு, மாநிலங்களின் ஏலம், காப்பீட்டு நிறுவனங்களின் தேவை, பணவீக்க எதிர்பார்ப்பு இவையெல்லாம் அங்கே ரெப்போவை விட அதிகம் பேசும்.

அதனால் பாலிசி நாளன்று நான்கு எண்களைக் குறித்து வையுங்கள்: 91 நாள் டி-பில், 5 ஆண்டு, 10 ஆண்டு, 30 ஆண்டு. இந்த யீல்டுகளை இணைக்கும் கோடு எந்த இடத்தில் நகர்ந்தது என்று பாருங்கள். ஏணியில் அந்தப் படி உங்களுக்குக் காலியாக இருந்தால் மட்டும் அது உங்களுக்கான செய்தி.

கணிப்புக்கு ஓர் எல்லை வைத்துத் தீர்மானம் போடுங்கள். உதாரணமாக, மொத்த டியூரேஷன் இலக்கு 6 என்றால், டிரஸ்டிகளின் கருத்துக்கேற்ப 5.5 முதல் 6.5 வரை நகரலாம், அதற்கு மேல் கூடாது. கருத்து தப்பினாலும் சேதம் அந்த அளவோடு நிற்கும்.

வட்டி ஏறும் என்று நினைத்துப் பணத்தைச் சும்மா வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. ஒரே இரவுக்குப் போடும் ஓவர்நைட் முதலீட்டில் 5.3%, பத்திரத்தில் 6.8% என்றால், 10 கோடிக்கு மாதம் 1.25 லட்சம் ரூபாய் வருமானம் போகிறது. காத்திருப்பதென்றால் எத்தனை மாதம், எந்த யீல்டு வந்தால் வாங்குவோம் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தேதி வந்ததும் யீல்டு எதுவானாலும் வாங்கிவிடுங்கள்.

சந்தை வட்டிக்கேற்பக் கூப்பன் மாறும் மிதக்கும் வட்டிப் பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி ஏறும் காலத்தில் அவை நல்லவை. ஆனால் நீங்கள் கொடுக்கும் வட்டி மிதப்பதில்லை என்று மூன்றாம் படியில் பார்த்தோம். நிதியில் சிறு பங்குக்கு மேல் வேண்டாம்.

வட்டி இறங்கிய பிறகு வரும் ஆசை, பழைய உயர் கூப்பன் பத்திரங்களை விற்று லாபம் காட்டுவது. அந்த லாபம் வரும் ஆண்டுகளின் வட்டிதான். இந்த ஆண்டின் பற்றாக்குறையை அடைக்க விற்றால், அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பணம் குறைந்த யீல்டில் உட்காரும், பள்ளம் இன்னும் ஆழமாகும். பணம் உண்மையில் வெளியே போக வேண்டும், அல்லது கடன் தரத்தில் சந்தேகம் வந்துவிட்டது என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டும் விற்கலாம்.

9. காலாண்டு ஆய்வு

ஒவ்வொரு காலாண்டிலும் காலண்டரைப் புதுப்பித்து, டியூரேஷனை மறுபடி கணக்கிட்டு, ஏணியில் எந்த ஆண்டு காலி என்று பாருங்கள். மதிப்பீட்டு நிறுவனங்களின் அறிவிப்புகளில் தரத்தோடு அவுட்லுக்கையும் (தரம் இனி எந்தப் பக்கம் போகலாம் என்ற கணிப்பையும்) பாருங்கள். அவுட்லுக் நெகடிவ் ஆனதும் டிரஸ்டிகள் பேச வேண்டும், தரம் இறங்கும் வரை காத்திருக்கக் கூடாது. வர வேண்டிய கூப்பன் ஒவ்வொன்றும் வந்ததா என்று வங்கிக் கணக்கோடு சரிபாருங்கள். ஒரு நாள் தாமதமும் தகவல்தான்.

வாங்கிய ஒவ்வொரு பத்திரத்துக்கும் மூன்று வரிக் குறிப்பை மினிட்ஸில் சேருங்கள்: ஏணியில் எந்த ஆண்டுக்காக வாங்கினோம், மற்ற இடங்களில் என்ன விலை சொன்னார்கள், யார் ஒப்புதல் கொடுத்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரியோ ஆடிட்டரோ பல ஆண்டுகள் கழித்து ஏன் இதை வாங்கினீர்கள் என்று கேட்கும்போது, அன்று டிரஸ்டியாக இருந்தவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருப்பார். பதில் சொல்ல அந்த மூன்று வரிதான் இருக்கும்.